தலைமைப் பதவிக்குப் பின்: இராஜாஜியின் அரசியல் வாழ்வும் காரைக்குடித் தொகுதியும்

1. ஆராய்ச்சிக்குரிய வினா

நாட்டின் தலைமைப் பதவியில் அமர்ந்திருந்த ஒருவர் அப்பதவியினின்று நீங்கியபின் யாது செய்தல் தகும்? பண்டை நாளில் இவ்வினா பெரிதும் எழுந்ததில்லை. முடி துறந்த மன்னனுக்குத் துறவோ, வடக்கிருத்தலோ, மைந்தனிடம் அரசை ஒப்புவித்து ஒதுங்கி வாழ்தலோ வழியாக அமைந்தது. குடியாட்சியில் நிலைமை வேறு. தலைவரின் காலம் வரையறைக்கு உட்பட்டது. அது முடிந்த மறுநாளே அவரும் குடிகளுள் ஒருவர் ஆகிறார். குடிமகனுக்குரிய வாக்கும் நாவும் அவருக்கும் உண்டு. அவற்றை அவர் கட்சி அரசியலிற் செலுத்துதல் முறையோ, அன்றிப் பதவியின் பெருமையைக் காத்தற்பொருட்டு வாளாவிருத்தல் முறையோ என்பதே ஆராய்தற்குரியது.

விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார். மக்கள் வழக்கில் அவர் இராஜாஜி. 1948 ஆம் ஆண்டு சூன் 21 முதல் 1950 ஆம் ஆண்டு சனவரி 26 வரை அவர் இந்தியாவின் தலைமை ஆளுநர். கவர்னர் ஜெனரல் என்னும் அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. அவருக்குப்பின் தலைமைப் பதவியேற்ற குடியரசுத் தலைவர்களுள் இராசேந்திர பிரசாத்து 1962 இல் பாட்டனாவிற்குத் திரும்பி ஒதுங்கி வாழ்ந்தார். இராதாகிருட்டிணன் 1967 இல் சென்னைக்குத் திரும்பி அமைதியுற்றார். பின் வந்தோரும் அமைச்சர் பதவிக்கோ தேர்தற் களத்திற்கோ மீளவில்லை. இராஜாஜி மட்டும் மீண்டார். நடுவண் அமைச்சராயினார், உள்துறை அமைச்சராயினார், மாநில முதலமைச்சராயினார், இறுதியில் ஆளுங்கட்சியை எதிர்த்துப் புதுக் கட்சி கண்டார்.

தலைமைப் பதவியால் ஒருவர் பெறும் மதிப்பு வாக்காக மாறுவதில்லை என்பதும், அது மாறுவதாயின் மறுத்துரைக்கும் உரிமையாகவே மாறுகின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவுதற்கு அனைத்திந்திய வரலாறு ஒன்றே போதாது. ஒரு தொகுதியின் அளவில் நுணுகிக் காண்டல் வேண்டும். 1962 ஆம் ஆண்டுத் தேர்தலில் இராஜாஜியின் கட்சி சென்னை மாநிலச் சட்டமன்றத்திற் பெற்ற இடங்கள் ஆறே. அவ்வாறனுள் ஒன்று காரைக்குடி. ஆதலின் செட்டிநாட்டின் அவ்வூர் இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

2. தலைமை ஆளுநர் பதவியின் இயல்பு

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். 1947 ஆம் ஆண்டு ஆகத்து 15 முதல் 1950 ஆம் ஆண்டு சனவரி 26 வரை இந்தியா விடுதலை பெற்ற நாடே எனினும் குடியரசு அன்று. பிரித்தானிய முடியின்கீழ் அமைந்த தன்னாட்சி நாடு. சட்டத்தின் கண்ணில் நாட்டின் தலைவர் ஆறாம் சார்சு மன்னரே ஆவர். தலைமை ஆளுநர் அம்மன்னரின் பேராளர். அங்ஙனமாயின் இராஜாஜியை நாட்டுத் தலைவர் என்றல் பொருந்துமோ எனின், நடைமுறையிற் பொருந்தும். மன்னரின் பெயரால் ஆணைகள் பிறந்தனவேனும், அவற்றைப் பிறப்பித்தவர் தில்லியில் இருந்த தலைமை ஆளுநரே. அவரை அமர்த்தியதும் இந்திய அமைச்சரவையின் அறிவுரைப்படியே. அயல்நாட்டுத் தூதுவர் நாட்டின் தலைவராகக் கண்டதும் அவரையே.

இப்பதவிக்கு அவர் வந்த வழியும் நோக்கத்தக்கது. விடுதலை நாளிலேயே அவர் மேற்கு வங்க ஆளுநராகப் பொறுப்பேற்றார். பிரிவினையால் இரண்டுபட்ட மாநிலம் அது. கல்கத்தா நகரம் அச்சமும் பகையும் சூழ்ந்திருந்தது. 1947 நவம்பரில் மவுண்டுபேட்டன் இளவரசி எலிசபெத்தின் திருமணத்தின்பொருட்டு இலண்டன் சென்றபோது, சில நாட்கள் தலைமை ஆளுநராகப் பணியாற்றுமாறு இராஜாஜி அழைக்கப்பெற்றார். அச்சிறு இடைக்காலமே பின்னர் நிலையான அமர்த்தத்திற்கு முன்னோட்டமாயிற்று.

பதவியின் அதிகாரம் குறைவு. அக்காலத்தின் சுமை மிகுதி. 1948 செப்டம்பரில் ஐதராபாத்து நடவடிக்கை நிகழ்ந்தது. பிரிவினையால் இடம்பெயர்ந்தோர் சிக்கல் தீரவில்லை. அரசியலமைப்பு அவை தன் பணியை முடிக்கும் நிலையில் இருந்தது. இவற்றுள் முடிவெடுத்தோர் நேருவும் பட்டேலும். தலைமை ஆளுநர் அறிவுரை கூறுபவர். அவ்வறிவுரைக்கு மதிப்பிருந்தது எனினும், செயல் பிறரதே. 1937 இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகத் தம் கையாலேயே சட்டங்கள் இயற்றிய ஒருவருக்கு இது புதிய வாழ்வு. ஆளுதற்குப் பழகிய கை அடங்கியிருத்தற்குப் பழகவேண்டிய காலம் அது.

மற்றொரு சிறப்பும் இதற்கு உண்டு. இராஜாஜி தாம் வகித்த பதவியைத் தாமே முடித்துவைத்தவர். 1950 சனவரி 26 அன்று தில்லி அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில் இந்தியா குடியரசாயிற்று என்னும் அறிக்கையைப் படித்தவர் அவரே. அவ்வறிக்கை படிக்கப்பெற்ற கணமே தலைமை ஆளுநர் என்னும் பதவி மறைந்தது. அடுத்து இராசேந்திர பிரசாத்து குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார்.

3. 1942 இன் நிழல்

குடியரசின் முதல் தலைவராக இராஜாஜியே தொடர்தல் வேண்டும் என்பது நேருவின் விருப்பமாக இருந்தது. ஆயினும் அரசியலமைப்பு அவையிலிருந்த காங்கிரசு உறுப்பினர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர் கூறிய காரணங்களுள் தலையாயது 1942 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு இராஜாஜி, முசுலிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று உடன்பாடு காணவேண்டும் என்றார், காங்கிரசு இசையவில்லை. அவர் கட்சியை விட்டு நீங்கினார். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் கலந்துகொள்ளவில்லை. சிறை சென்றோர் நெஞ்சில் அந்நிகழ்ச்சி ஏழாண்டு கழிந்தும் ஆறாதிருந்தது.

இவ்விடத்திற் செட்டிநாட்டை நினைத்தல் பொருத்தமாகும். 1942 ஆகத்தில் தமிழ்நாட்டில் கிளர்ச்சி மிகுந்திருந்த பகுதிகளுள் தேவகோட்டை வட்டாரம் ஒன்று. தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். காரைக்குடிச் சா. கணேசனும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டவர். இராஜாஜி எதிர்த்த இயக்கத்திலே உயிரைப் பணயம் வைத்துப் பாடுபட்ட வட்டாரம் இது. தில்லியில் காங்கிரசு உறுப்பினர் எக்காரணத்தால் இராஜாஜியை மறுத்தனரோ, அக்காரணம் செட்டிநாட்டிற்கும் உண்டு, பதின்மடங்கு உண்டு. ஆயினும் இருபதாண்டுகட்குப்பின் அவரது கட்சியைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய சில தொகுதிகளுள் காரைக்குடி ஒன்றாயிற்று. இஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

4. இறங்கிய படிகள்: 1950–1954

பதவி நீங்கிய இராஜாஜி சென்னைக்குத் திரும்பினார். ஆறு திங்களுக்குள் நேருவின் வேண்டுகோளை ஏற்றுத் துறையில்லா அமைச்சராக நடுவண் அரசிற் சேர்ந்தார். நேற்றுவரை தம்முன் உறுதிமொழி கூறிய அமைச்சர்களோடு இன்று தாமும் ஒருவராய் அமர்ந்தார். 1950 திசம்பர் 15 அன்று பட்டேல் மறைந்ததும், உள்துறை அவர் பொறுப்பாயிற்று.

உள்துறை அமைச்சராக அவர் செய்தனவற்றை அவருடைய பிற்காலக் கொள்கையோடு ஒப்பிட்டு நோக்குதல் ஆராய்ச்சியாளர் கடமை. 1951 இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறியது. பேச்சுரிமைக்கு வரம்புகளை விரிவாக்கியதும், நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்ற ஆய்வினின்று காத்ததும் அத்திருத்தமே. அதனை நிறைவேற்றிய அமைச்சரவையில் இராஜாஜி ஒருவர். அதே ஆண்டு, ஆட்சேபத்துக்குரிய செய்திகள் பற்றிய அச்சகச் சட்டத்தை நாடாளுமன்றத்திற் கொணர்ந்து நடத்தியவரும் அவரே. தடுப்புக் காவற் சட்டமும் அவர் பொறுப்பில் நீட்டிக்கப்பெற்றது. பின்னாளில் தனிமனித உரிமைக்கும் சொத்துரிமைக்கும் வாதாடிய கட்சியின் தலைவர் இவர் என்பதை மறத்தலாகாது. அவர் மாறினார் எனக் குறை கூறுவாரும் உளர். காலம் மாறியது எனக் காப்பாரும் உளர். ஆட்சியின் உள்ளிருந்து அதன் கருவிகளைக் கையாண்டவர் ஆதலின், அக்கருவிகள் எவ்வளவு கூரியன என்பதைப் பின்னர் எடுத்துரைத்தற்கு அவருக்குத் தகுதி இருந்தது என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

1951 இன் இறுதியில் அவர் அமைச்சரவையை விட்டு நீங்கினார். 1952 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசு பெற்றவை 152. பெரும்பான்மை இல்லை. எதிரணியினர் ஒன்றுகூடினால் ஆட்சி அவர் கைக்குச் செல்லும் நிலை. அந்நிலையிற் காங்கிரசார் நாடியது 73 வயது நிரம்பிய இராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் சிரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்பிரல் 10 அன்று அவர் முதலமைச்சரானார்.

மேலவை நியமனத்தால் முதலமைச்சரானது குடியாட்சி மரபிற்குத் தகுமோ என்னும் வினா அன்றே எழுந்தது. இன்றும் அது வலியுடைய வினாவே. விடுதலைக்குப்பின் வயதுவந்தோர் வாக்குரிமையின்படி நடந்த எத்தேர்தலிலும் இராஜாஜி தாமே வேட்பாளராக நின்றதில்லை. 1937 இலும் அவர் நின்றது பல்கலைக்கழகத் தொகுதியிலேயே. மக்களின் வாக்கை நேரிற் கேளாது மக்களை ஆளும் பொறுப்பை ஏற்றவர் என்னும் குறை அவர் வாழ்வு முழுவதும் தொடர்ந்தது.

முதலமைச்சராக அவர் செய்தவற்றுள் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது பெருந்துணிவு. 1952 சூனில் பங்கீட்டு முறை எடுக்கப்பெற்றது. பஞ்சம் வரும் என்று அஞ்சியோர் பலர், அவ்வச்சம் பலிக்கவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. சென்னை நகரம் தமிழகத்திலேயே நின்றது. ஆயினும் அவர் ஆட்சியை முடித்தது அவ்வாண்டிற் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமே. நாட்டுப்புறப் பள்ளிகளில் மாணவர்க்கு நாள்தோறும் மூன்று மணி நேரப் படிப்பு. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்பது அதன் சாரம். இடமும் ஆசிரியரும் போதாமையால் இரு முறை வைத்து மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கூறிய நோக்கம். மக்கள் கண்டதோ சாதித் தொழிலிற் பிள்ளைகளைப் பிணிக்கும் ஏற்பாடு. 'குலக்கல்வி' என்னும் ஒரே சொல்லால் அத்திட்டம் வீழ்ந்தது. பெரியார் ஈ.வெ.ரா.வும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசினுள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்பிரலில் இராஜாஜி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், மே திங்களில் அத்திட்டம் கைவிடப்பெற்றது.

இந்நிகழ்ச்சி எம் துணிபிற்கு முதற்சான்று. நாட்டின் தலைமைப் பதவியை வகித்தவர் என்னும் பெருமை, தம் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலையுற்ற ஒரு தந்தையின் முன் எவ்வித வலியும் உடையதாக இல்லை. அவ்வாறு இல்லாதிருத்தல் குடியாட்சிக்கு நலமே. விலகிய அவ்வாண்டில் அவருக்குப் பாரத இரத்தினா விருது கிட்டியது. கல்கி இதழில் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதத் தொடங்கினார். அந்நூலுக்கு 1958 இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் கிடைத்தது. வாழ்வு இத்துடன் நிறைவெய்தியது என்று உலகம் எண்ணியது.

5. எதிர்க்கட்சி காணல்

1959 சனவரியில் நாகபுரியிற் கூடிய காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானித்தது. உழவரின் நிலவுரிமை பறிபோகும் என்று கருதிய இராஜாஜி, என்.ஜி. இரங்கா, மினூ மசானி முதலியோருடன் அவ்வாண்டு சூனில் சென்னையிற் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது எண்பது. தொழில் தொடங்குவதற்கும் பொருள் கொணர்வதற்கும் அரசின் இசைவுச்சீட்டுக்காகக் காத்திருக்கும் முறையை 'பெர்மிட், லைசென்சு ஆட்சி' என்று பெயரிட்டு அவர் சாடியது நாடெங்கும் பரவியது.

இங்கு எண்களை நோக்குவோம். 1962 இல் சுதந்திராக் கட்சி மக்களவையில் 18 இடம் பெற்றது. 1967 இல் 44 இடம் பெற்று எதிர்க்கட்சிகளுள் முதலிடம் எய்தியது. அதன் வலிமை இராசத்தான், குசராத்து, பீகார், ஒரிசா ஆகிய மாநிலங்களில் இருந்தது. செயப்பூர் அரசியார் காயத்திரி தேவி, ஒரிசாவின் சிங்கு தேவு போன்ற பழைய அரச குடியினரின் செல்வாக்கே அங்கு அதற்குத் துணை. தலைவர் பிறந்த தமிழகத்திலோ 1962 இல் மக்களவைக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. 206 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஆறே கிடைத்தன. அத்தேர்தலில் காங்கிரசு 139 இடமும், திராவிட முன்னேற்றக் கழகம் 50 இடமும் பெற்றன.

ஒரு நாட்டின் தலைமைப் பதவியிலிருந்தவர் தம் சொந்த மாநிலத்தில் தம் கட்சிக்குத் திரட்ட இயன்றது இவ்வளவே. பதவிப் பெருமை வாக்காக மாறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டின் மற்றொரு நிகழ்ச்சி இதற்கு மறுதலையாக நிற்கின்றது. 1962 செப்டம்பரில் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவிற்குத் தலைமை தாங்கி அவர் அமெரிக்கா சென்றார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தவேண்டும் என்று கென்னடியை நேரிற் கண்டு வலியுறுத்தினார். தம் மாநிலத்தில் ஆறு இடங்களுக்கு மேற் பெறாத ஒரு கட்சியின் தலைவர்க்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் செவி சாய்த்தார் எனின், அது கட்சியின் வலியால் அன்று. அவர் வகித்திருந்த இடத்தின் பெருமையும், அவர்தம் முதுமையும் கேட்பித்த செவி அது.

6. காரைக்குடிச் சான்று

இனிச் செட்டிநாட்டிற்கு வருவோம். எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களைத் தன்னகத்துக் கொண்ட இந்நிலப்பகுதி அக்காலத்தில் இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985 இலேயே. மழை குறைந்த செம்மண் நிலம். ஆதலின் நகரத்தார் கடல் கடந்து பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பொருளீட்டினர்.

அப்பொருளின் கதையை அறியாமல் 1962 இன் முடிவை விளங்கிக்கொள்ளுதல் அரிது. 1930 ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது பர்மிய உழவர் கடனைத் திருப்ப இயலாமல் நிலத்தை இழந்தனர். அப்பத்தாண்டின் இறுதியிற் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் காற்பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. அது விரும்பி வாங்கிய நிலம் அன்று. கடனுக்கு ஈடாக வந்த நிலம். பர்மிய மக்களின் சினத்திற்கு அதுவே காரணமாயிற்று. 1942 இல் சப்பானியர் படையெடுப்பால் நகரத்தார் அனைத்தையும் விட்டு ஊர் திரும்பினர். 1948 இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. ஒரு சட்டத்தின் வரியொன்றினால் தலைமுறைகளின் முதல் கரையும் என்பதைச் செட்டிநாடு நூலிற் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தது. சொத்துரிமையை முன்வைத்த ஒரு கட்சியின் சொல் இவ்வூர்களில் எளிதிற் புகுந்ததற்கு இது காரணமாதல் கூடும்.

எனினும் இவ்விளக்கம் முற்றும் நிறைவுடையதன்று. அதற்கு எதிராக நிற்பது 1938 ஆம் ஆண்டின் சென்னை உழவர் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1 க்கு முற்பட்ட உழவர் கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியை அது தள்ளுபடி செய்தது. முதலினும் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடனே தீர்ந்ததாக ஆக்கியது. கடன் கொடுத்தோரின் உரிமையில் இதுபோல் ஆழ வெட்டிய சட்டம் அதற்குமுன் இம்மாகாணத்தில் வந்ததில்லை. அதனை நிறைவேற்றிய அரசின் தலைவர் இராஜாஜியே. கொடுக்கல் வாங்கலையே வாழ்வாகக் கொண்ட நிலம் தன் வட்டியைத் தள்ளுபடி செய்தவரின் கட்சிக்கு வாக்களித்தது என்றால், பொருள் நலம் ஒன்றே அதற்குக் காரணம் என்றல் ஒவ்வாது.

ஆகவே வேட்பாளரை நோக்குதல் வேண்டும். 1962 இல் காரைக்குடியிற் சுதந்திராக் கட்சியின் சார்பில் நின்று வென்றவர் சா. கணேசன். 1908 இல் பிறந்த அவர் விடுதலைப் போரில் ஈடுபட்டவர். 1939 இல் காரைக்குடியிற் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தவர். 'கம்பன் அடிப்பொடி' என்று தம்மைச் சொல்லிக்கொள்வதிற் பெருமை கொண்டவர். ஆண்டுதோறும் காரைக்குடியிலும், கம்பர் சமாதி உள்ளதாக வழங்கும் நாட்டரசன்கோட்டையிலும் அவர் எடுத்த விழா, கட்சி வேறுபாடு கடந்து தமிழறிஞரை ஒருங்கு கூட்டியது. அவர் இராஜாஜியின் அன்பர் என்பது நாடறிந்தது. ஆனால் ஊரார் அவரை அறிந்தது இராஜாஜி வழியாக அன்று. தெருவில் கண்டும், விழாப் பந்தலில் கேட்டும், 1942 இல் உடனிருந்தும் அறிந்தனர்.

எனவே காரைக்குடியில் வென்றது முன்னாள் தலைமை ஆளுநரின் பெருமை என்பதினும், அப்பெருமையை ஊரின் மொழியிற் பெயர்த்துரைக்க வல்ல ஒருவரின் ஒட்டுறவு என்பதே பொருந்தும். அத்தகையோர் கிடைத்த இடங்களிற் கட்சி வென்றது. கிடையாத இடங்களில் தோற்றது. தமிழகத்திற் கிடைத்த இடம் ஆறாக நின்றதற்கும் இதுவே காரணம் எனலாம். 1942 இன் பிணக்கும் இவ்வாறே தீர்ந்தது. அவ்வாண்டு இராஜாஜியை மறுத்து இயக்கத்திற் புகுந்தவரே இருபதாண்டு கழித்து அவர் பக்கம் நின்றார் என்றால், அது கண்மூடிய அடியார்மை அன்று. ஒருமுறை அவரை மறுத்துப் பார்த்தவர், அவர் ஆளுங்கட்சியை மறுத்தபோது அம்மறுப்பின் அருமையை அறிந்து துணை நின்றார்.

1967 இல் காரைக்குடி மீண்டும் சுதந்திராக் கட்சிக்கே கிடைத்தது. ஆனால் அப்போது களம் வேறு. இராஜாஜி திராவிட முன்னேற்றக் கழகத்துடன் உடன்பாடு கண்டிருந்தார். 1938 இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். 1950களின் இறுதியிலிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழியாதலை எதிர்த்தவரும் அவர். அம்மாற்றமே அவரை அண்ணாவின் அருகே கொணர்ந்தது. 234 இடங்களுள் கழகம் 137 இடமும், சுதந்திராக் கட்சி 20 இடமும் வென்றன. காங்கிரசு 51 இடத்தோடு ஆட்சியை இழந்தது. ஆறு இருபதானது கூட்டணியின் வலியால். தலைவரின் பழம்பதவியால் அன்று.

7. எதிர்வாதமும் அதன் விடையும்

தலைமைப் பதவி வகித்தவர் கட்சிப் பூசலில் இறங்கினால் அப்பதவியின் பொதுமை கெடும் என்பது ஒரு வாதம். நேற்று அனைவர்க்கும் தலைவர். இன்று ஒரு சாராருக்குத் தலைவர். இவர் நேற்றுக் கூறிய நடுநிலை மெய்யோ என்னும் ஐயம் எழும். நாளை அப்பதவியில் அமர்வோரும் பின்வரும் தேர்தலை நினைத்து நடக்கக்கூடும். இவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. குடியரசுத் தலைவராக இருந்தோர் எவரும் இராஜாஜியின் வழியைப் பின்பற்றாமைக்கு இவ்வெண்ணமே அடிப்படை எனலாம்.

இதற்கு விடையாக அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1825 முதல் 1829 வரை இருந்த சான் குவின்சி ஆடம்சு, 1831 முதல் 1848 இல் இறக்கும்வரை கீழவையில் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். அடிமை முறைக்கெதிரான விண்ணப்பங்களை அவையில் எடுத்துக்கொள்ளலாகாது என்றிருந்த தடையை அவர் ஆண்டுதோறும் எதிர்த்தார். 1844 இல் அத்தடை நீங்கியது. தலைவராக அவர் செய்தவற்றினும் உறுப்பினராகச் செய்த இம்மறுப்பையே வரலாறு பெரிதும் போற்றுகின்றது.

கடிந்துரைக்கும் பெரியோர் துணையின்றேல் பகைவர் இல்லாமலே அரசு கெடும் என்பது வள்ளுவர் கருத்து. ஒரே கட்சி நாட்டின் பெரும்பகுதியை ஆண்ட 1959 இல், ஆளுவோரை அவர்க்கு அஞ்சாது, அவரிடம் பெறவேண்டியது ஒன்றும் இன்றி, அவர் முன்னிலையிலேயே இடித்துரைக்க வல்லவர் சிலரே. நாட்டின் மிக உயர்ந்த இருக்கையைக் கண்டுவிட்ட ஒருவருக்கு வேறு இருக்கையின் ஆசை இல்லை. அவ்வகையில் இராஜாஜியின் பழம்பதவி அவர் மறுப்பிற்கு ஒரு தூய்மையைத் தந்தது. பதவியின் பொதுமை ஓரளவு தேய்ந்தது உண்மை. எதிர்க்கட்சி என்னும் நிலைக்கு மதிப்புப் பிறந்ததும் உண்மை. இரண்டையும் நிறுத்துப் பார்க்கின், விடுதலையின் முதற் பதினைந்தாண்டுகளில் பின்னதன் தேவையே பெரிது எனத் தோன்றுகின்றது.

8. முடிவுரை

இராஜாஜியின் இறுதி அரசியல் நிகழ்ச்சிகளுள் ஒன்று இத்துணிபைச் சுருங்கக் காட்டும். 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தவர் அவர். 1971 இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டபோது, தொண்ணூற்று மூன்றாம் வயதில் அவர் முதலமைச்சர் கருணாநிதியை நேரிற் சென்று கண்டு, அது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான்காண்டுகட்கு முன் அவர் துணைநின்று ஆட்சியில் அமர்த்திய கட்சி அது; அவ்வாண்டுத் தேர்தலில் அவர் எதிர்த்து நின்ற கட்சியும் அதுவே. அவர் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, மதுவிலக்கு தளர்ந்தது. 1972 திசம்பர் 25 அன்று அவர் மறைந்தார். 1974 இல் சுதந்திராக் கட்சியும் வேறு கட்சியொடு கலந்து மறைந்தது.

தலைமைப் பதவி அவருக்கு வாக்கைத் தரவில்லை. ஆணையிடும் வலியையும் விட்டுச்செல்லவில்லை. எவர் வாயிலிலும் சென்று நின்று 'இது தவறு' என்று சொல்லும் உரிமையை மட்டும் விட்டுச்சென்றது. அவ்வுரிமையை அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் விடாது பயன்படுத்தினார். சிலவிடத்துத் தவறாகவும் பயன்படுத்தினார். கல்வித் திட்டத்தில் அவரை மறுத்த மக்களும், காரைக்குடியில் அவர் பக்கம் நின்ற மக்களும் ஒரு நாட்டின் மக்களே. இருசாராரும் அவருடைய பழம்பதவியைப் பார்த்து வணங்காது, அவர் சொல்லையும் அவர் சார்பில் நின்றோரையும் எடைபோட்டு முடிவு செய்தனர். தலைவராயிருந்தவரும் தெருவில் இறங்கி வாக்கிற்கு வாதாடவேண்டும் என்பதும், தெருவிலிருப்போர் அவரை ஏற்கவும் மறுக்கவும் உரியர் என்பதும் குடியாட்சியின் இலக்கணம். சுதந்திராக் கட்சி வென்ற பிற தொகுதிகளின் உள்ளூர் வரலாறும் இவ்வாறு தனித்தனியே ஆராயப்பெறின், அவ்விலக்கணம் இன்னும் தெளிவுறும்.